லேமினேட் செய்த தீர்ப்பு

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கிளை நூலகத்தின் மாடிக்கு ஏறி வந்திருக்கிறீர்கள். வாசகர் வட்டத்து நண்பர்கள் ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் அலுவலகத்துக்கு அவர் வந்தார். நூற்பாலையில் ஷிப்ட் வேலை. மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். விவாகரத்தான மனைவிக்கு மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு. அதை லேமினேட் செய்திருந்தார். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். “மூணு வருஷமாச்சு மேடம், ஒரு மாசம்கூட வரல. தீர்ப்புதான் வந்திடுச்சே, பணம் எப்படியும் வந்திரும்னு இருந்துட்டேன்” என்றார்.

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. அந்த உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவில் வாங்கியது. அந்தப் பிரிவில் பாக்கியை வசூலிக்க வாரண்ட் வேண்டுமென்றால், பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆக, 36 மாதப் பாக்கியில் கடைசி 12 மாதத்துக்குத்தான் அந்த வழியில் வாரண்ட் கேட்க முடிந்தது. மீதி 24 மாதம், 96,000 ரூபாய். ஒரு மில் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு வருடக் கணக்கை அவரிடம் யாருமே சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் நான் இன்று வந்திருக்கிறேன். ஜீவனாம்சத்தில் தொகையைவிடத் தேதி முக்கியம்.

சரி, எங்கே கேட்பது? முக்கியமாக இரண்டு வாசல்கள். முதல் வாசல், நான் சொன்ன 125வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 125 இப்போது 144 ஆகியிருக்கிறது. பெயரும் எண்ணும் மாறினாலும் உள்ளே இருப்பது அதேதான். எந்த மதத்துப் பெண்ணும் போகலாம். விவாகரத்தான பெண்ணும், மறுமணம் செய்யாதவரை, இந்தச் சட்டத்தின் கணக்கில் ‘மனைவி’தான். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது வாசல், இந்து திருமணச் சட்டம், 1955. வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க 24வது பிரிவு. விவாகரத்துத் தீர்ப்போடோ அதற்குப் பிறகோ நிரந்தரமாகக் கேட்க 25வது பிரிவு. இந்த இரண்டு பிரிவிலும் கணவரும் மனைவியிடம் கேட்கலாம். பலருக்கு இது புதிதாக இருக்கும்.

ஒரு வாசலில் வாங்கியதை மறைத்து இன்னொன்றில் கேட்காதீர்கள். முதலில் வாங்கியதைச் சொல்லியாக வேண்டும், அதைக் கழித்துத்தான் கொடுப்பார்கள்.

இந்த 125 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு மூதாட்டி இருக்கிறார். இந்தூரைச் சேர்ந்த ஷா பானு. பல ஆண்டுகள் குடும்பம் நடத்தி, ஐந்து பிள்ளைகளைப் பெற்ற பிறகு வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர். கீழ்க்கோர்ட் அவருக்குக் கொடுத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்த 179 ரூபாயை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 1985இல் அவர் ஜெயித்தார். மறு வருடமே முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பொதுச் சட்டத்தின் வாசல் அவர்களுக்கு மூடிவிட்டதா என்ற கேள்வி பல வருடம் நீடித்தது. 2024 ஜூலை 10இல் நீதிபதிகள் நாகரத்னாவும் அகஸ்டின் ஜார்ஜ் மாசியும் தெளிவாகச் சொன்னார்கள்: விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125இல் கேட்கலாம். இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவில் எவ்வளவு கேட்டாலும் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது. அந்த உச்சவரம்பை 2001இல்தான் எடுத்தார்கள்.

அப்புறம், எவ்வளவு கொடுப்பார்கள்? என்னிடம் வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். “சம்பளத்துல கால்வாசி சட்டப்படி வரும்னு சொல்றாங்களே?” அப்படி ஒரு சட்டம் இல்லை. 2017இல் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கையில் வாங்கும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத்தான் ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. உண்மையில் நீதிபதி பார்ப்பது வேறு. சேர்ந்திருந்த காலத்தில் எப்படி வாழ்ந்தீர்கள், எத்தனை வருடத் திருமணம், உங்கள் வயது, உடம்பு, படிப்பு, பிள்ளைகளுக்காக வேலையை விட்டீர்களா, அவருக்கு வயதான பெற்றோர் இருக்கிறார்களா, இதெல்லாம் தராசில் ஏறும். நீங்கள் வேலைக்குப் போவதாலேயே கேட்கும் உரிமை போய்விடாது. அந்தச் சம்பளத்தில் முன்பு வாழ்ந்த மாதிரி வாழ முடிகிறதா என்பதுதான் கேள்வி.

2020 நவம்பர் 4ஆம் தேதி, ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் வந்த தீர்ப்பு இந்த வேலையைக் கொஞ்சம் நேராக்கியது. இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் கோர்ட் நடவடிக்கை எடுக்கலாம். இது உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் டியூஷன் எடுத்து வாங்கும் 3,000 ரூபாயை மறைத்து, அது வெளியே வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஆனால் நம் பக்கத்துக் கணவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது? திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரக்கூலி, சொந்தமாகச் சரக்கு ஆட்டோ, கட்டட மேஸ்திரி. கோர்ட்டில் வந்து “வேலையே இல்லைங்க” என்பார்கள். அதைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள். உடம்பில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இலும் திருப்பிச் சொல்லியிருக்கிறது. உங்கள் பங்குக்கு, கிடைக்கிற சான்றைச் சேருங்கள். சேர்ந்திருந்தபோது வீட்டுக்கு அனுப்பிய பணம் உங்கள் பாஸ்புக்கில் இருக்கும். ஜிபேயில் இருக்கும். வண்டியின் ஆர்.சி. எண், தவணை கட்டிய ரசீது, எடுத்துக் கொடுத்த நகையின் பில், எல்லாமே பேசும். பெரிய தவணைகளைக் காட்டிச் சம்பளமே மிஞ்சவில்லை என்று சொல்வதும் பொதுவாக எடுபடாது. அவராக வாங்கிய கடன் உங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் நிற்க முடியாது.

மறுபடியும் தேதிக்கு வருகிறேன். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காக வேண்டும் என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. வழக்கு நான்கு வருடம் இழுத்தாலும் அந்த நான்கு வருடமும் பாக்கியாகச் சேரும். மனுப் போடாமல் கழித்த நாட்கள்தான் போயே போய்விடுகின்றன. “பெரியவங்க பேசித் தீர்த்து வைப்பாங்க” என்று இரண்டு வருடம் அம்மா வீட்டில் காத்திருந்த எத்தனையோ தங்கைகளைப் பார்த்துவிட்டேன். பேசுங்கள், தடையில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். இடைக்காலத் தொகையை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிவு செய்யச் சட்டமே சொல்கிறது. நடப்பில் அதிகம் ஆகிறது, அது எனக்கும் வலிக்கிற விஷயம். ஆனாலும் கேட்டால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரஸ்பர விவாகரத்தில் “இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்” என்று ஒரு வரி இருக்கும். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று போட்டுவிடுவார்கள். விவாகரத்துக்குப் பின் தானாக விட்டுக்கொடுத்தார் என்று அது பின்னால் உங்கள் மேல் திரும்பும். மொத்தமாக ஒரு தொகை வாங்குவது தவறில்லை. ஒழுங்காகக் கொடுக்கமாட்டார் என்று தெரிந்தால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து. வாங்கிய பணத்தைத் தம்பியின் தொழிலுக்கும் மாமாவின் கடனுக்கும் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

தொகை ஒருமுறை முடிவானால் காலத்துக்கும் அதுதானா? இல்லை. சூழ்நிலை மாறினால் கூட்டவும் குறைக்கவும் கேட்கலாம். புதுச் சட்டத்தில் 146வது பிரிவு, திருமணச் சட்டத்தில் 25இன் இரண்டாம் உட்பிரிவு. நான் சொன்ன 2017 வழக்கில் கணவர் மறுமணம் செய்து குழந்தையும் இருந்ததால் 23,000 ரூபாயை 20,000 ஆக்கினார்கள். 2025 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பில் 20,000 ரூபாயை 50,000 ஆக்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. அரிசி விலை ஏறும்போதெல்லாம் ஒரு பெண் கோர்ட் படி ஏற வேண்டாம் அல்லவா? உங்கள் வக்கீலிடம் சொல்லி, முதல் மனுவிலேயே இப்படி ஓர் உயர்வைக் கேளுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கும் சொல்கிறேன். வேலை போய்விட்டால், உடம்பு முடியாமல் போனால், அன்றைக்கே குறைக்கச் சொல்லி மனுப் போடுங்கள். நீங்களாகவே பாதியைக் கட்டிக்கொண்டிருந்தால் மீதி பாக்கியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது அந்த லேமினேட் காகிதத்துக்குத் திரும்புவோம். உத்தரவு வந்தும் பணம் வரவில்லை, என்ன செய்வது? 144இல் வாங்கிய உத்தரவு என்றால் நிறைவேற்று மனு. கோர்ட் வாரண்ட் போட்டு அபராதம் வசூலிப்பது போல வசூலிக்கும். அப்படியும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஜெயிலுக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது கட்ட வைக்க ஒரு வழி மட்டுமே, பாக்கி அப்படியே நிற்கும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமணச் சட்டத்தில் வாங்கிய தீர்ப்பு என்றால் சிவில் டிகிரி, அதாவது சிவில் கோர்ட் தீர்ப்பாணை, மாதிரி ஜப்தி. அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. சம்பளக்காரர் என்றால் ஜீவனாம்ச டிகிரிக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சட்டம் அவருக்காகக் காப்பாற்றுகிறது. மற்ற கடன்களுக்கு இவ்வளவு பிடிக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு 12 மாதப் பாக்கிக்கு மனுப் போட்டோம். கணவர் வேலை செய்த இடத்தைக் கண்டுபிடித்தது அவருடைய பெண். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வாரண்ட் என்றதும் மூன்று தவணையில் 48,000 ரூபாயையும் கட்டினார். இப்போது அந்த வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பணம் வராத மாதத்தின் தாளைக் கிழிக்காமல் மடித்து வைக்கிறார்கள். மூன்று தாள் சேர்ந்தால் எனக்குப் போன் வரும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100. ஆதார் நகல், திருமணச் சான்று அல்லது கல்யாணப் பத்திரிகை, விவாகரத்துத் தீர்ப்பின் நகல், பாஸ்புக் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். இரண்டாவது வரிசையில் அக்கா, ஆரம்பத்திலிருந்தே ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் என்ன தேதி போட்டிருக்கிறது, பாருங்கள்.