படபடப்பா, லோ சுகரா?

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிற ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. பக்கத்தில் இருப்பவர் "சுகர் இறங்கிடுச்சு" என்பார். இன்னொருவர் "ஒண்ணுமில்ல, வீண் பயம்" என்பார். யார் சொல்வது சரி என்று அறிகுறியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரண்டிலும் உடம்பை உலுக்குவது ஒரே ஹார்மோன்தான், அட்ரினலின்.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை, அதாவது லோ சுகர். உடனே சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. கல்லீரலில் சேர்த்துவைத்த குளுக்கோஸை வெளியே கொண்டுவருவதற்கான ஏற்பாடு அது. நடுக்கமும் படபடப்பும் கூடவே வந்துவிடுகின்றன. பேனிக் அட்டாக்கில், அதாவது திடீரென்று வரும் பீதியில், சர்க்கரை குறைவதே இல்லை. ஆபத்து எதுவும் இல்லாதபோதே மூளை அபாயச் சங்கு ஊதிவிடுகிறது. சுரப்பது அதே அட்ரினலின்.

வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் தானாகத் தணியும். செத்துவிடுவோமோ என்ற பயம் அதில் முன்னால் நிற்கும். லோ சுகரில் அகோரப் பசி எடுக்கும். 54-க்குக் கீழே இறங்கினால் நாக்கு குழறும், கண் மங்கும், கேட்டது ஒன்று பதில் ஒன்றாக இருக்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். உதடு மரத்துப்போவது மட்டும் இரண்டிலும் வரும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆகவே முதலில் குளுக்கோமீட்டர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால், 60 இருக்கிற சர்க்கரையை மீட்டர் 150 என்று காட்டிவிடக்கூடும். விரல் சில்லிட்டிருந்தால் கையைக் கொஞ்சம் தொங்கவிட்டு உதறுங்கள். வீட்டு மீட்டர் 15 புள்ளி வரை முன்பின் காட்டலாம் என்பதால், அறிகுறியோடு 75 என்று வந்தாலும் லோ சுகராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ். அதாவது மூன்று டீஸ்பூன் பொடி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. அடுத்த சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால், சர்க்கரை ஏறியபின் இரண்டு இட்லி சாப்பிடலாம். சாக்லேட்டும் லட்டும் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வீட்டுச் சீனி பரவாயில்லை. ஆனால் உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்திருந்தால் சீனி உடைந்து குளுக்கோஸாக மாறுவதே தாமதமாகும். அப்படியென்றால் நீங்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் பையில் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையை இன்றைக்கே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மீட்டர் கைவசம் இல்லையா? லோ சுகர் என்றே நினைத்துக் குளுக்கோஸ் கொடுங்கள். ஒருவேளை கூடிவிட்டால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மீட்டர் 140 காட்டுகிறது, படபடப்பு நிற்கவில்லை என்றால்? பல மாதங்களாக 300-லேயே இருந்தவருக்கு அது 130-க்கு இறங்கும்போதும் இதே அறிகுறிகள் வரும். உடம்பு உயர்ந்த அளவுக்குப் பழகிவிட்டதுதான் காரணம். இனிப்பு வேண்டாம், சில வாரங்களில் பழகிவிடும். வழக்கமாகவே 140-ல் இருப்பவர் என்றால் பேனிக் அட்டாக்காக இருக்கலாம். சாய்ந்து உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ இருந்தாலும், முதல் முறையாக வருவதாக இருந்தாலும், பேனிக் என்று நீங்களே பெயர் வைக்காமல் உடனே ஈசிஜி எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும்.

நடுக்கத்துக்கு என்று கொடுக்கப்படும் ப்ரோப்ரனலால் மாத்திரை, லோ சுகரின் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் இந்த மாத்திரையை எழுதித்தரும் மருத்துவரிடம் இன்சுலின் போடுவதைச் சொல்லியாக வேண்டும்.

என் கணக்கில் பெரிய சிக்கல் வேறு. நடு ராத்திரியில் ஒருமுறை சர்க்கரை இறங்கித் தவித்தவர், அந்தப் பயத்திலேயே இன்சுலினைக் குறைப்பார், படபடப்பு வரும்போதெல்லாம் இனிப்பு சாப்பிடுவார். சர்க்கரை 250-க்குக் கீழே வருவதே இல்லை. இவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். படபடப்பு வந்த நேரம், மீட்டர் காட்டிய எண், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எந்த மருந்து, 15 நிமிடம் கழித்து எவ்வளவு என்று இரண்டு வாரம் எழுதட்டும். எண் தினமும் 11 மணிக்கு 60-க்கு இறங்குகிறது என்றால் மருத்துவர் மாத்திரை அளவையோ நேரத்தையோ மாற்றுவார். எண் ஒவ்வொரு முறையும் 100-க்கு மேலேயே இருந்தால் அதே நோட்டுடன் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேனிக் அட்டாக்குக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்கலாம் என்றால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.