ஆட்டு வயிற்றுக் கல் விஷத்தை முறித்ததா? நேயர் கேள்விக்கு விளக்கம்

"பழைய பாரசீக வைத்தியர்கள் நஞ்சுண்டவருக்கு ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கல்லை உரைத்துக் கொடுத்தார்களாமே, அது உண்மையில் விஷத்தை முறித்ததா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கல்லுக்குப் பாரசீகத்தில் பாத்ஸஹர் என்று பெயர். ஸஹர் என்றால் விஷம், பாத் என்றால் காப்பது. ஐரோப்பியர் சொல்லும் பெசோவார் இதன் திரிபுதான்.

ஆனால் அவர்களுடைய நஞ்சு மருத்துவத்தில் கல்லுக்கு முதலிடம் இல்லை. பாரசீக மருத்துவர் இப்னு சீனா 1025-ஆம் ஆண்டளவில் முடித்த 'கானூன்' என்னும் மருத்துவ நூலின் நான்காம் பகுதியில் நஞ்சுகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். அவருடைய கணக்கில் விஷம் இதயத்தை எட்டுவதற்குள் அதை வெளியேற்ற வேண்டும். ஆகவே வெந்நீரும் எண்ணெயும் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வதும், பாலும் வெண்ணெயும் கொடுத்து நஞ்சின் கடுமையைத் தணிப்பதும் முன்னே வருகின்றன. அபின் போலக் குளிர்ச்சியால் கொல்வதாக அவர்கள் கருதியவற்றுக்கு வெப்பமான மருந்துகள் எதிராகும். நாபி என்னும் நச்சுக் கிழங்கு போன்றவையோ குளிர்ச்சி, வெப்பம் என்ற கணக்குக்குள் அடங்காமல், தம் முழு இயல்பாலேயே கொல்பவை என்று எண்ணியதால், அவ்வாறே முழு இயல்பால் காக்கும் பொருளாகப் பாத்ஸஹரையும், விரியன் பாம்பின் இறைச்சி உட்படப் பல சரக்குகள் சேர்ந்த திரியாக் என்னும் லேகியத்தையும் நாடினார்கள். நாபிக்கு அவர்கள் வழங்கிய 'பீஷ்' என்ற பெயர், நாம் விஷம் என்கிறோமே, அதே வடசொல்லிலிருந்து போனதுதான்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்தவர் வாந்தி எடுத்தால் நுரையீரலும் உணவுக்குழாயும் மேலும் புண்படும். பாம்புக்கடிக்கு இறுகக் கட்டுவதும் வாயால் உறிஞ்சுவதும் அந்நூல்களில் இருந்தாலும், இன்று அவை கூடாதவை. விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோக வேண்டும்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். முடியையோ விதையையோ சுற்றித் தாது அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது அது. பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, ஓரளவு பற்றிக்கொள்ளக்கூடிய பொருள்கள் அதில் இருப்பதால், முற்றிலும் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன். எல்லா விஷத்துக்கும் ஒரே மாற்று என்றதுதான் பிழை. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு அரசர் ஒன்பதாம் சார்ல்ஸ் தம்மிடமிருந்த கல்லின் பெருமையைச் சொன்னபோது, அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே அதை நம்பவில்லை. வெள்ளித் தட்டுத் திருடித் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சமையற்காரன் ஒருவன், பிழைத்தால் விடுதலை என்ற பேச்சின்மேல், நம் வைத்தியர்கள் வீரம் என்று சொல்லும் பாதரச நச்சுக் கூட்டை விழுங்கினான். உடனே கல்லைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்த பாரே, அவன் படும் பாட்டைக் கண்டு எண்ணெய் புகட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. ஏழு மணி நேரத்தில் அவன் இறந்தான்.