பேயர்ஸ் நௌடே: சொந்தச் சபையை எதிர்த்து நின்ற ஆயர்

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்த திருச்சபைத் தலைவர் என்றதும் நமக்கு டெஸ்மண்ட் டூட்டூ நினைவுக்கு வருவார். அவருக்கு இணையாக நான் மதிக்கும் இன்னொருவர் பேயர்ஸ் நௌடே. இவர் வெள்ளையர். அதிலும், நிறவெறிக்கு வேதாகமத்திலிருந்தே நியாயம் தேடிக் கொடுத்த டச்சு சீர்திருத்தச் சபையின் ஆயர்.

பிறந்தது 1915இல். அப்பாவும் ஆயர்தான், புரூடர்பாண்ட் என்ற, ஆப்பிரிக்கானர்களின் (பெரும்பாலும் டச்சு வழி வந்த வெள்ளையர்களின்) ரகசிய அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகனும் 1940இல் அதில் சேர்ந்தார். நாட்டை ஆண்டவர்களெல்லாம் புழங்கிய இடம் அது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில், உலகத் திருச்சபைகள் மன்றம் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் ஒரு கூட்டம் நடத்தியது. நௌடேவும் போயிருந்தார். இனம் கடந்த கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரமே இல்லை என்று அங்கே அறிக்கை எழுதினார்கள். பிரதமர் வெர்வூர்டுக்குக் கோபம் வந்தது. டச்சு சபையின் சினாட்டுகள், அதாவது சபையை நடத்தும் மன்றங்கள், அறிக்கையைத் தள்ளிவிட்டன. நௌடே அதிலிருந்து பின்வாங்கவில்லை.

1963இல் அவர் தெற்கு டிரான்ஸ்வால் சினாட்டின் மாடரேட்டர், அதாவது தலைவர். அதே ஆண்டுதான், எல்லா இனத்தாரும் சேர்ந்து இயங்கும் கிறிஸ்தவ நிறுவனம் உருவானது. அதன் இயக்குநராக அவரை அழைத்தார்கள். அதற்குப் போனால் ஆயர் பட்டம் போய்விடும் என்றது சபை. செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, தன் சபையாரிடம் முடிவைச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட வசனம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது." பிரசங்க பீடத்தில் இதைச் சொல்லாத ஆயர் உண்டா? அன்றைக்கு இவர் இதைச் சொன்னபோது வேலை, பட்டம், கூடவே வளர்ந்த நண்பர்கள் எல்லாம் போயின. வயது 48.

இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஏற வேண்டிய படியெல்லாம் ஏறி முடித்த பிறகு இறங்கி வருவது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. இளமையில் துணிவது ஒரு விதம், இது வேறு விதம்.

அப்புறம் 1977 அக்டோபரில், கறுப்பின விடுதலைப் போராளி ஸ்டீவ் பீக்கோ போலீஸ் காவலில் இறந்து ஒரு மாதம் கழித்து, அரசு அந்தக் கிறிஸ்தவ நிறுவனத்தையும் தடை செய்தது, நௌடேயையும் தடை செய்தது. ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே அவர் பேசலாம். கூட்டத்தில் பேசக் கூடாது, அவர் பேச்சை யாரும் அச்சிடக் கூடாது. ஏழு வருடம் இப்படி. சரி, ஒருவர்தானே வரலாம்? ஒவ்வொருவராக வந்தார்கள், ஆலோசனை கேட்டுப் போனார்கள். நடுவில், 1980இல், வெள்ளையர் சபையை விட்டு அதன் கறுப்பினப் பிரிவில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

1984இல் தடை நீங்கியது. மறு வருடமே, டூட்டூ வகித்த தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றப் பொதுச்செயலாளர் பொறுப்பு இவரிடம் வந்தது. 1990இல் அரசோடு முதல் பேச்சுவார்த்தைக்குப் போனபோது, மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தன் குழுவில் இந்த ஆப்பிரிக்கானர் ஆயரையும் சேர்த்துக்கொண்டது.