சுவரொட்டி எண்ணை அழைப்பதற்கு முன் பிரஷர் பாருங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நம் வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை ஒரு முறை நடந்து பாருங்கள். மின்வாரியப் பெட்டியிலும், கட்டணக் கழிப்பறைச் சுவரிலும், மேம்பாலத் தூணிலும் ஒரே வாசகம் ஒட்டப்பட்டிருக்கும். நரம்புத் தளர்ச்சி, விந்து முந்துதல், ஆண்மைக் குறைவு, சிறுவயதுத் தவறுகள், ரகசியம் காக்கப்படும். கீழே ஒரு கைப்பேசி எண். வைத்தியரின் பெயர் மாறும், லாட்ஜ் மாறும், வாசகம் மட்டும் மாறவே மாறாது. பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954-ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்பது அந்தச் சுவருக்கு இன்னும் தெரியவில்லை.

இந்தச் சேனலில் உடற்பயிற்சியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நான் பேசும்போதெல்லாம், "நண்பருக்காகக் கேட்கிறேன் அண்ணே" என்று தொடங்கும் தனிச்செய்திகள் வருகின்றன. அந்த நண்பர்கள் அனைவருக்கும் பொதுவாக இன்று பேசுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவரிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். நாற்பதைத் தொட்ட ஒருவருக்குச் சில மாதங்களாகவே விறைப்பு சரியாக வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவருடைய ரத்தக்குழாய்களை. சுவரொட்டி சொல்லும் "சிறுவயதுத் தவறுகளுக்கு" இதில் பங்கில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் ஆணுறுப்பின் திசுக்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்த, ரத்தம் உள்ளே பாய்ந்து நிறைகிறது. நிறைந்த அழுத்தத்தில் வெளியேறும் வழியான சிரைகள் நெரிபட்டு, போன ரத்தம் அங்கேயே தங்குகிறது. விறைப்பு என்பது இவ்வளவுதான். ரத்தக்குழாய்களுக்கு இந்த வாயு செய்தி சொல்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் வயாகராவுக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையும் முதலில் இதய வலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்துதான்; சோதனையில் கலந்துகொண்டவர்களிடம் தெரிந்த வேறொரு விளைவுதான் அதை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

பல ஆண்டுப் பிரஷர், சுகர், சிகரெட், கொழுப்பு ஆகிய நான்கும் சேர்ந்து கெடுப்பது அந்தக் குழாய்களின் உட்புறச் சுவரைத்தான். சுவர் கெட்டால் வாயு சரியாகச் சுரப்பதில்லை; குழாயும் மெல்ல அடைத்துக்கொண்டு வருகிறது. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். தெருவில் மெட்ரோ வாட்டர் மெயின் லைனில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்குள் வரும் சின்னக் குழாய் முதலில் அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கணக்குதான். இதயத் தமனியில் அடைப்பு இருக்கும் பலருக்கு, நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பாகவே படுக்கையில் இந்தத் தொல்லை தொடங்கியிருக்கிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைத்தான் சுவரொட்டி வைத்தியர் லேகியம் கொடுத்து விழுங்கிவிடுகிறார். பணம் போவதைவிட எனக்கு அந்தக் காலம் போவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானது. அதில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. துறைமுக வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். தூக்கம் இல்லை, உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய வழியில்லை, விழித்திருக்க டீயும் சிகரெட்டும், முடிந்ததும் ஒரு குவார்ட்டர், சாப்பாட்டுக்குக் கருவாடும் ஊறுகாயும். அவருக்கு இந்தத் தொல்லை வந்தால் அது அவருடைய ஆண்மையைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றுமே சொல்லவில்லை. அவருடைய வேலையைப் பற்றி நிறையச் சொல்கிறது.

எல்லாம் ரத்தக்குழாய்தான் என்றும் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயதுப் பையனுக்குத் திடீரென்று வருகிறது, விடியற்காலையில் விறைப்பு இயல்பாக இருக்கிறது, மனைவியிடம் மட்டும் வருவதில்லை என்றால் அது பெரும்பாலும் பயமும் பதற்றமும் செய்கிற வேலை. விந்து போனால் உடம்பு போய்விடும் என்ற பயத்தால் தளர்ந்துபோகும் இளைஞர்களைப் பற்றி மனநல மருத்துவர் நரேந்திர விக் 1960-லேயே எழுதி, அந்த நிலைக்கு "தாத்" என்று பெயரும் வைத்துவிட்டார். சுவரொட்டியின் வியாபாரமே அந்தப் பயத்தில்தான் நடக்கிறது. இன்னொரு கூட்டம் ஜிம்மில் இருக்கிறது. தோள் சீக்கிரம் ஏற வேண்டும் என்று டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொண்டால், வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், ஊசியை நிறுத்திய பிறகு பல மாதங்கள் ஆசையே வராது. ஆண்மைக்காகப் போட்ட ஊசி ஆண்மையைத் தின்பதைப் பயிற்சியாளர் சொல்ல மாட்டார். முருங்கைக்காயைப் பற்றியும் கேட்கிறீர்கள். நல்ல காய், சாப்பிடுங்கள். அதன் மற்ற புகழுக்குச் சினிமாதான் பொறுப்பு.

சரி, எங்கே போவது? உங்கள் வட்டத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பிரஷரும் வெறும் வயிற்றில் சுகரும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். காரணத்தைச் சீட்டு எழுதுபவரிடம் சொல்லத் தேவையில்லை, உள்ளே மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இந்த இரண்டுக்கும் வீட்டிலேயே பரிசோதனை செய்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதுதான் சிக்கல். மேலே பார்க்க வேண்டியிருந்தால் ஸ்டான்லி இருக்கிறது. நம் பாட்டிமார் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே இடம்தான்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையை இறுகச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு, கடைக்காரரிடம் பேசிக்கொண்டே நின்றபடி பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. டீ, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படியும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் ஒரு மேசையில் வைத்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேலேயே வந்தால் அது பிரஷர். வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டால் அதையும் விட்டுவிடக் கூடாது.

மாத்திரை தொடங்கிய பிறகு இன்னொரு குழி இருக்கிறது. பீட்டா பிளாக்கர், தையசைடு போன்ற சில பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு விறைப்பைக் குறைக்கக்கூடும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பல ஆண்கள் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் கேட்டால் பிரஷர் நார்மல் ஆகிவிட்டது என்கிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார், அதற்கு வழி இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்து, மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு வேக நடையோ சைக்கிளோ வாரத்துக்கு ஏறக்குறைய 160 நிமிடம் என்று ஆறு மாதம் தொடர்ந்தவர்களுக்கு விறைப்பில் முன்னேற்றம் இருந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களை எழுப்பிவிட ஊக்க வசனம் எதுவும் என்னிடம் இல்லை. ஆறு மாதம் என்று காலத்தைச் சொல்லிவிட்டேன், அது போதும் என்று நினைக்கிறேன்.

வெட்கத்துக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 52 முடிதிருத்தும் கடைகளில் பிரஷர் அதிகமாக இருந்த 319 கறுப்பின ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து பிரஷர் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 குறைந்தது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் சொல்லி அனுப்பியவர்களுக்குக் குறைந்தது 9 மட்டுமே. நம் பேட்டைகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் அரசியல் முதல் மாமியார் வரை அத்தனையும் பேசப்படுகிறது. கேரம் மன்றங்களும் இருக்கின்றன. 2024-இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண். தலைவர் பிறந்தநாளுக்கு அடிக்கும் பேனரில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு மன்றத்துக்கு ஒரு டிஜிட்டல் பிரஷர் மெஷின் வாங்கி வையுங்கள். ஒருவர் கையை நீட்டினால் வரிசையில் பத்துப் பேர் நீட்டுவார்கள்.

கடைசியாக, மாத்திரை விஷயத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. வயாகரா வகை மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடாதீர்கள். மூலிகைப் பொட்டலம் என்றாலும் பாதுகாப்பில்லை. ஆண்மைக்கென்று விற்கும் மூலிகைப் பொருட்களில் வயாகராவில் இருக்கும் அதே சில்டெனஃபில் மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஆகவே வயாகரா வகை மாத்திரையைப் போட்ட பிறகு நெஞ்சு வலித்தால், வீட்டில் யாரோ வைத்திருக்கும் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்காமல் 108-ஐ அழையுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தாலும், மாமனார் நின்றாலும், ஆம்புலன்ஸில் வருபவரிடம் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சில்டெனஃபில் என்றால் 24 மணி நேரமும், அதே வகையைச் சேர்ந்த டாடலஃபில் என்றால் 48 மணி நேரமும் அவர்கள் நைட்ரேட் கொடுக்கக் கூடாது.