வார்டில் கற்றது வீட்டில் கைகொடுக்காது

அவையோருக்கு வணக்கம். மனநலச் செவிலியர் மாணவர்களும் மறுவாழ்வு இல்லப் பணியாளர்களும் குடும்பத்தாரும் கூடியிருக்கிறீர்கள்.

குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதியில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் மணியடித்தால் சாப்பிட்டு, பெயர் கூப்பிட்டால் மாத்திரை விழுங்கிப் பல வருடம் கழித்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? வெளியே செய்ய வேண்டியதை வெளியே கூட்டிப்போய்த்தான் பழக்க வேண்டும். இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது அதைத்தான்.

மனச்சிதைவு நோயில் கவனம், நினைவு, திட்டமிடும் திறன் மூன்றும் குறையும். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவது இந்த நோய் உள்ளவர்களுக்குக் கடினம். பயிற்சிக்கூட மின் அடுப்பில் அருமையாக டீ போட்டவர், வீட்டில் கேஸ் அடுப்பின் முன் திகைத்து நிற்பார். தயவுசெய்து அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள்.

அந்த டீயையே எடுத்துக்கொள்வோம். "கவனமா பண்ணுங்க" என்பது பயிற்சி ஆகாது. ரெகுலேட்டரைத் திறப்பது, பாத்திரத்தை வைப்பது, லைட்டரைக் கையில் எடுத்த பிறகே குமிழைத் திருப்புவது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். முதலில் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவர் செய்ய, நீங்கள் ஞாபகப்படுத்தினால் போதும். ஞாபகப்படுத்துமுன் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நோயாலும் மருந்தாலும் அவர் யோசித்து கை நீட்டுவதற்கே அத்தனை நேரம் ஆகும். பயிற்சி பாழாவது பெரும்பாலும் இங்கேதான். பொறுக்க முடியாமல் நாமே செய்து முடித்துவிடுகிறோம்.

மருந்தால் கை நடுங்குகிறவருக்குப் பிடிவைத்த பாத்திரம் கொடுங்கள், பாதி அளவே நிரப்பச் சொல்லுங்கள். டம்ளரைக் கையில் பிடிக்காமல் மேடைமேல் வைத்து ஊற்றட்டும். பால் பொங்கி நெருப்பு அணைந்தால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். வாடை வந்தால் லைட்டரைத் தொடக்கூடாது, சுவிட்சைத் தொடக்கூடாது, ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்க வேண்டும். இதைத் தனிப்பாடமாகவே பலமுறை நடத்துங்கள்.

மாத்திரைக்கும் படிப்படியான வழி உண்டு. கூப்பிடாமலே நேரத்துக்கு வந்து கேட்பது முதல் படி. உங்கள் கண்முன் தானே அட்டையிலிருந்து பிரித்து எடுப்பது அடுத்தது. பிறகு ஒரு நாளுக்கானதை அவரே வைத்துக்கொள்வது, அப்புறம் ஏழு அறை டப்பாவில் ஒரு வாரத்துக்கானதை. வாரக் கடைசியில் மீதியை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். அரசு மருந்தகத்தில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். "இது என் மாத்திரை இல்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே நிறத்தை அல்ல, மருந்தின் பெயரைப் படிக்கப் பழக்குங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

பணத்தை நிஜ நோட்டிலேயே பழக்குங்கள். 2016-க்கு முன் உள்ளே போனவர் 200 ரூபாய் நோட்டைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த பழைய 500 இன்று செல்லாது. மளிகைக் கடையில் மூன்றே சாமான் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். தமிழ்நாட்டில் பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, டீலக்ஸில் உண்டு. இது தெரியாமல் ஏறி நடத்துநரிடம் ஒரு தடவை கடுஞ்சொல் கேட்டவர் அடுத்த நாள் வெளியே கிளம்பவே மறுப்பார். பேருந்தை அடையாளம் கண்டு ஏறுவதையும் நிறுத்தத்தில் நின்றுதான் பழக்க வேண்டும்.

கடைசியாக, அக்கம்பக்கம். "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. "உடம்பு சரியில்லாம இருந்தேன், இப்போ பரவாயில்லை" என்ற ஒரு வரியை, நீங்கள் பக்கத்து வீட்டுக்காரராக நடித்துக் கேட்டு, அவரைச் சொல்லவையுங்கள். மேலும் துருவினால் "வேலை இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று நகர்ந்துவிடவும் கற்றுக்கொடுங்கள். வீடு மாறிய முதல் வாரம் தினமும் போய்ப் பாருங்கள். போகும்போது டீ போடச் சொல்லி, பக்கத்தில் சும்மா நில்லுங்கள்.