மைனஸ் ஒன்பது லிட்டர் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ரசாயன ஆலைக் கணக்குகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். "விடை குவியவில்லை", அதாவது திரும்பத் திரும்பத் திருத்தியும் விடையில் போய் நிற்கவில்லை என்று கணினி கைவிரித்ததும் இளம் பொறியாளர்கள் வேறு மென்பொருள் தேடுவார்கள். நான் அவர்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போவேன். பேச்சில்தான், பயப்படாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறை ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது இழுக்கும் மின்சாரம் மாறாது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் ஏறுகிற சூடு இரண்டு மடங்கு. இப்போது நிமிடத்துக்கு 9 லிட்டர் ஓடுகிறது, 4 டிகிரி சூடு ஏறுகிறது. உங்களுக்கு 12 வேண்டும். ஊகித்த விடையை அடியடியாகத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறை என்ன செய்யும்? (1690இல் இதை அச்சேற்றிய ராப்சன் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.) குழாயை லேசாகக் குறைத்தால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும், கடைசிவரை அதே வேகத்தில் ஏறும் என்று நம்பி, "18 லிட்டர் குறை" என்று சொல்லும். ஓடுவதே 9! மைனஸ் 9 லிட்டரில் யார் குளிப்பது?

திசை சரி, நீளம்தான் தப்பு. அடியை, அதாவது ஒரு தடவையில் நகரும் தூரத்தை, பாதியாக்கினால் குழாய் மூடிக்கொள்கிறது. அதிலும் பாதி: நாலரை லிட்டர், 8 டிகிரி. பிழை, அதாவது 12க்கு இன்னும் இருக்கிற இடைவெளி, பாதியாகிவிட்டது. பிழை குறைந்தால்தான் அடி, இல்லாவிட்டால் அடியைப் பாதியாக்கு. பிழை குறைந்தால்தான் அடி. இதை வீட்டிலும் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. ஒன்பது நாலு 36. அந்த 36ஐ லிட்டரால் வகுத்தால் சூடு, இல்லையா? அதையே "லிட்டரையும் சூட்டையும் பெருக்கினால் 36" என்று எழுதிப் பாருங்கள். 12 டிகிரிக்கு வளைவே இல்லாத கணக்கு அது. அதே முறை, அதே 9 லிட்டரில் தொடங்கி, ஒரே அடியில் 3 லிட்டரில் போய் நிற்கும். ஆலையில் இரண்டு நாள் முரண்டு பிடித்த கணக்கொன்று, ஒரு வகுத்தலைப் பெருக்கலாக்கியதும் என் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் முடிந்தது. மென்பொருளை யாரும் மாற்றவில்லை.

ஆலையில் இப்படிப் பல குழாய்கள். ஒன்றைத் திருப்பினால் எல்லாம் அசையும். அழுத்தம் பாஸ்கலில் லட்சமாக நிற்கும், கலவையில் ஒரு பொருளின் பங்கு 0.01 ஆக இருக்கும். பிழைகளைக் கூட்டும்போது சின்னது காணாமல் போகும். அழுத்தத்தை பாரில் எழுதுங்கள். லட்சம் பாஸ்கல் ஒரு பார்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவுக் கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தொடக்க ஊகத்தைப் பற்றி, அதாவது கணக்கை எந்த எண்ணில் தொடங்குவது என்பதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்! சுருக்கமாக: சுலபமான கணக்கின் விடையில் தொடங்கி மெல்ல நகருங்கள். எடுத்தவுடன் 12 கேட்காமல் முதலில் 5 டிகிரி கேளுங்கள், அப்புறம் 6, அப்புறம்... சரி, வணக்கம்.