பட்டறைக்காரர் ஏன் மெனக்கெட வேண்டும்?

வணக்கம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், உங்களிடமே நேராகக் கேட்கிறேன். வெளிநாட்டு பையர் சுற்றுச்சூழல் பற்றி ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறார், அதை அப்படியே உங்களுக்குக் கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிற, அதாவது ஜாப் ஒர்க் செய்கிற சாயப்பட்டறைக்குத் தள்ளிவிடுகிறோம். நிரப்பிக் கொடுக்கிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது?

நம் ஊர்க் கதை எல்லோருக்கும் தெரியும். நொய்யல் ஆற்றில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, நொய்யல் விவசாயிகள் வழக்குப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பயந்துதான் பட்டறைக்காரர்கள் கழிவைச் சுத்திகரிக்க மாறினார்கள் என்று சொல்வார்கள். பயம் இருந்தது, சரி. ஆனால் பக்கத்துப் பட்டறை ராத்திரியில் கழிவை ஓடையில் திறந்துவிட்டுக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக் கொடுக்க முடியும் என்றால் ஒழுங்காக நடக்கிறவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை வந்தால்தான் சின்ன ஆள் பணம் போடுவார். கழிவுநீரை வடிகட்டுகிற ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்குகிற எவாபரேட்டர் எல்லாம் ஒரு தனிப் பட்டறையால் ஆகிற செலவா? பலர் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்ததால்தான் முடிந்தது.

அப்புறம், கணக்கு. வின்ச் என்கிற பழைய சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்குச் சாயத் தொட்டியில் சுமார் இருபது லிட்டர் தண்ணீர். புது சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஆறு லிட்டர் போதும். சாயம் துணியில் பிடிக்கிறதற்கான உப்பைத் தண்ணீரின் லிட்டர் கணக்கில்தான் போடுகிறோம், லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தால் 1,200 கிராம் போட்ட இடத்தில் 360 கிராம் ஆகிவிடுகிறது. சூடேற்ற வேண்டிய தண்ணீர் குறைவு, அதனால் பாய்லருக்கு விறகு குறைவு, சுத்திகரிப்புக்குப் போகும் உப்பும் குறைவு. பூமியைக் காப்பாற்றுங்கள் என்று பத்துக் கூட்டம் போடுவதைவிட இந்தக் கணக்கை ஒரு பேட்ச் ஓட்டிக் காட்டுங்கள், பட்டறைக்காரர் தானே மெஷின் விலை விசாரிப்பார்.

விசாரிப்பார், ஆனால் வாங்குவாரா? அது உங்கள் கையில்தான் இருக்கிறது. மூணு மாத ஆர்டரை நம்பி யாரும் அஞ்சு வருடக் கடன் வாங்க மாட்டார்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, அந்தப் பணம் இழுத்தடித்து வந்தால் தவணையை எதை வைத்துக் கட்டுவது? போதாததற்கு ஒவ்வொரு பிராண்டும் தனித்தனியாக ஆடிட் வைத்து அதன் செலவையும் அவர் தலையில் கட்டுகிறது. ஒருவர் செய்த ஆடிட்டை மற்றவரும் ஏற்றுக்கொண்டாலே அவருக்கு எவ்வளவோ மிச்சம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மெஷின் மாற்றத் தயாராக இருக்கிற பட்டறைக்குக் கடன் முடியும் வரை இத்தனை டன் வேலை உண்டு, கிலோவுக்கு இன்ன விலை, பணம் இத்தனை நாளில் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வங்கிக்குப் போகும்போது அவர் கையில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.